சோயா வயலும் சேற்றுப் புல்லும்

இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சோயாப் பால், சூடாகக் கிண்ணத்தில் அள்ளி வைக்கும் தவ்ஃபூ ஃபா, சம்பலில் புரட்டிய தெம்பே, கோழிச் சோற்றின் மேல் ஊற்றும் கிச்சாப். இந்த நாட்டில் வளர்ந்த யாருக்கும் சோயா அந்நியப் பொருள் அல்ல. மீன் விலை ஏறும் நாட்களில் நம் வீட்டுக் குழம்பில்கூட தவ்ஹூ மிதக்கும். ஆனால் இதற்கான சோயா இங்கே விளைவதில்லை என்றே சொல்லிவிடலாம். அமெரிக்கா, கனடா, பிரேசில், அர்ஜென்டினா என்று கடல் கடந்துதான் வருகிறது; நாம் தின்னும் தவ்ஹூவுக்கும், நாம் தின்னும் கோழியின் தீவனத்துக்கும்.

அமெரிக்க சோயா பெரும்பாலும் அந்நாட்டின் நடுப்பகுதியில், அயோவா, இலினாய் போன்ற மாநிலங்களில் விளைகிறது. அறுவடையானதைத் தட்டைப் படகுகளில் ஏற்றி மிசிசிப்பி ஆற்றில் இறக்குகிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வந்ததும் பெரிய கப்பலுக்கு மாற்றுகிறார்கள். ஏற்றுமதியாகும் அமெரிக்க சோயாவில், வழக்கமான ஆண்டுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் கடலுக்கு வருகிறது. லூசியானா மாநிலத்தின் தென்கோடி அது. ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் இடம்.

அந்த வாசலின் இரு மருங்கிலும் பெரும்பாலும் இருப்பது புல்லும் நாணலும்தான். மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதுதான். சோயாவுக்கு வரும் நோயை ஆராய்பவர்களும், அந்தப் புல்லைப் பிழைக்க வைக்கப் போராடுபவர்களும் ஒரே பல்கலைக்கழகத்தில் அடுத்தடுத்த அறைகளில் வேலை செய்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை. சில நேரம் இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்திருக்கிறார் என்பதுதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது.

சனிக்கிழமை கண்ட புள்ளிகள்

2004 நவம்பர் 6, ஒரு சனிக்கிழமை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழக வேளாண் மையத்தின் தாவர நோய் ஆய்வாளர் ரே ஷ்னைடர், பேட்டன் ரூஜ் நகருக்கு அருகில் உள்ள ஆய்வுப் பண்ணையின் சோயா இலைகளில் புதிதாகச் சில புள்ளிகளைக் கண்டார். நான்கே நாளில், நவம்பர் 10 அன்று, அமெரிக்க வேளாண் துறை அதை உலகுக்கு அறிவித்தது. ஆசிய சோயாத் துரு நோய் அமெரிக்கப் பெருநிலத்துக்குள் வந்துவிட்டது.

துரு என்றவுடன் இரும்பு நினைவுக்கு வரும். இது பூஞ்சை. இலையின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலையைவிடச் சிறிய கொப்புளங்களை எழுப்பும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு கொப்புளமும் குட்டி எரிமலை போல் இருக்கும். உச்சி திறந்து, மாவு போன்ற வித்துக்களைக் கக்கும். அவற்றைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். இலை ஆறு மணி நேரம் ஈரமாக இருந்து, வெப்பம் 15 முதல் 28 பாகை வரை இருந்தால் போதும், அடுத்த செடியில் குடியேறிவிடும். இலைகள் மஞ்சளாகி, காய் முற்றும் முன்பே உதிர்ந்துவிடும். மருந்து அடிக்காத வயலில் விளைச்சல் 80 விழுக்காடு வரை போய்விடக்கூடும்.

இந்தப் பூஞ்சை முதன்முதலில் விவரிக்கப்பட்டது 1902ல், ஜப்பானில். நெடுங்காலம் ஆசியாவோடு நின்றது. 1994ல் ஹவாயில் தெரிந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆப்பிரிக்கா. 2001ல் பராகுவே, பிரேசில். பிரேசிலுக்கு இதனால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 2 பில்லியன் டாலர் செலவாவதாகக் கணக்கிடுகிறார்கள். அங்கே பல மாநிலங்களில் ஆண்டுக்கு 60 முதல் 90 நாள் வரை வயலில் ஒரு சோயாச் செடிகூட உயிரோடு இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். தப்பி முளைத்ததையும் பிடுங்கியாக வேண்டும். துருப் பூஞ்சைக்கு உயிருள்ள பச்சை இலை இல்லாமல் வாழத் தெரியாது. சோறு கிடைக்காத இடைவெளியை உண்டாக்கினால் அதுவே மருந்து.

2004 செப்டம்பரில் வளைகுடாக் கரையைத் தாக்கிய ஐவன் சூறாவளிதான் தென் அமெரிக்காவிலிருந்து வித்துக்களைச் சுமந்து வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஒரு புயல், சில வாரம், ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்கு.

இலைத் துருவோடு நம் ஆட்களுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1869ல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் துரு நோய் பதிவானது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி படுத்துவிட்டது, தேயிலை எழுந்தது. அங்கே காப்பி போட்டுக் கை சுட்டுக்கொண்ட துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து மறுபடியும் காப்பி போட்டார்கள், பிறகு ரப்பருக்கு மாறினார்கள். அந்த ரப்பர் காட்டுக்கு ஆள் எடுத்த கதை நமக்குத் தெரிந்ததுதான். ரப்பர் இங்கே செழித்ததற்கும் ஒரு பூஞ்சை காரணம். ரப்பரின் தாய்வீடான தென் அமெரிக்காவில் அதன் இலைக் கருகல் நோய் தோட்டம் போட விடவில்லை. ஹென்றி ஃபோர்டு 1928ல் அமேசான் காட்டில் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா தோட்டத்தைத் தின்று தீர்த்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1945ல் அவருடைய நிறுவனம் நிலத்தை பிரேசிலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. அந்த நோய் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்ற பயம் மலேசிய வேளாண் அதிகாரிகளுக்கு இன்றும் உண்டு. எனவே ஒரு சோயா இலையில் நாலு புள்ளியைப் பார்த்து ஒரு நாடே ஏன் பதறியது என்று தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

காவல் பாத்திகள்

பதறினார்கள், ஆனால் பதற்றத்தில் மருந்தை வாரி அடிக்கச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே நாடு முழுவதும் 'காவல் பாத்திகள்' போட்டார்கள். யோசனை எளிது. ஊரில் எல்லோரும் விதைப்பதற்கு முன்பே ஒரு சின்னத் துண்டு நிலத்தில் சோயாவை விதைத்துவிடுவது. நோய் வந்தால் முதலில் அங்கேதான் வரும். வாரம் ஒருமுறை ஒருவர் போய் இலைகளைப் பறித்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, இணைய வரைபடத்தில் பச்சையா சிவப்பா என்று குறித்துவிடுவார். நூறு மைல் தள்ளி இருக்கும் விவசாயி அதைப் பார்த்து, இந்த வாரம் மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பார்.

2005ல் மட்டும் இந்தத் தகவலால் விவசாயிகளுக்கு மிச்சமான தொகை 11 மில்லியன் முதல் 299 மில்லியன் டாலர் வரை இருக்கும் என்று அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு மதிப்பிட்டது. இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒரு லாரி ஓட்டலாம். ஆனாலும் சிறிய எண்ணே நல்ல லாபம்தான். இலை பார்க்கப் போனவர்களுக்கு ஆன செலவு அதில் ஒரு துளி.

பயந்த அளவுக்கு அமெரிக்காவில் அழிவு நடக்கவில்லை. காரணம் குளிர். பனி விழுந்தால் பச்சை எல்லாம் கருகும். துருவும் பட்டினியில் சாகும். வளைகுடா ஓரத்து வெப்பமான சில இடங்களில் மட்டும் குளிர்காலத்தைக் கடத்துகிறது. அங்கே அதற்கு அடைக்கலம் கொடுப்பது குட்ஸு என்ற கொடி. இதுவும் அவரைக் குடும்பம்தான். 1876ல் பிலடெல்பியா கண்காட்சிக்கு ஜப்பானிலிருந்து அழகுச் செடியாக வந்தது. 1930களில் மண் அரிப்பைத் தடுக்கும் என்று அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையே விவசாயிகளை நடச் சொல்லிக் கொடுத்தது. இப்போது மரத்தையும் மின்கம்பத்தையும் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. மண் பாதுகாப்புத் துறையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு செடியோடு மறுபடியும் வரும்.

லூசியானா சோயாவுக்குத் துரு மட்டுமா நோய்? இலையை ஊதா நிறமாக்கி விதையிலும் ஊதாக் கறை படிய வைக்கும் செர்கோஸ்போரா அங்கே துருவைவிட அன்றாடத் தொல்லை. அதன் நச்சு வெயில் பட்டால்தான் வேலை செய்யும். இலையில் உச்சியில் வெயில் படும் பகுதி முதலில் கருகுவது அதனால்தான். இன்னொன்று, ஆணிவேரைக் கருக்கிச் செடியைப் பிடுங்கினாலே ஒடியச் செய்யும் நோய். தென் மாநிலங்களில் பல ஆண்டுகளாகப் பார்த்தும் பெயர் வைக்க முடியாமல் தவித்து, 2021ல்தான் அதன் பூஞ்சை புதிய இனம் என்று உறுதி செய்து பெயரிட்டார்கள். இதன் சொந்தக்காரப் பூஞ்சை ஒன்று மரக்கட்டையில் கருப்பு விரல்களாக முளைக்கும். ஆங்கிலத்தில் 'செத்தவன் விரல்' என்பார்கள். நள்ளிரவு வானொலி நிகழ்ச்சிக்கு நல்ல பெயர்.

புல் பழுப்பானது

2000ஆம் ஆண்டு கோடையில் லூசியானாவின் உவர்ச் சதுப்புகள் திடீரென்று பழுத்தன. பச்சைக் கம்பளமாகக் கிடக்க வேண்டிய புல், வைக்கோல் நிறத்துக்கு மாறி, பிறகு வெறும் சேறாகிவிட்டது. 1,00,000 ஹெக்டருக்கு மேல் பாதிப்பு. அதில் 43,000 ஹெக்டர் கடுமையாக அழிந்தது. 'பழுப்புச் சதுப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் புல்லின் பெயர் ஸ்பார்ட்டினா. ஆள் உயரம் வளரும், நாணலுக்குத் தம்பி மாதிரி. கடல் நீர் தினமும் வந்து மூழ்கடித்துவிட்டுப் போகும் சேற்றில் வேறெந்தப் புல்லும் நிற்காது, இது நிற்கும். உள்ளே வந்த உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடும். காலையில் பார்த்தால் இலை மேல் உப்புப் பொடி மினுமினுக்கும். காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுத் திணறாமல் இருக்க, தண்டுக்குள் குழாய் போல் வெற்றிடம் வைத்து ஆக்சிஜனைக் கீழே அனுப்பும். சேற்றுக்குள் கிழங்கு போல் தண்டு ஓடி, பாய் பின்னியது போல் மண்ணைக் கட்டும். அலை கொண்டுவரும் வண்டலைத் தண்டுகள் வடிகட்டிப் பிடிக்கும். நிலம் அப்படித்தான் உயர்கிறது. நம்மூரில் பாக்காவ் மரங்கள் செய்யும் வேலையை அங்கே ஒரு புல் செய்கிறது.

புல் செத்தால் வேர் அழுகும். வேர் அழுகினால் மண் அமிழும். அமிழ்ந்த இடம் மறுபடி நிலமாவதில்லை, ஏரியாகிறது. லூசியானாவுக்கு இதைத் தாங்கும் வசதி இல்லை. 1932 முதல் 2016 வரை அந்த மாநிலக் கடலோரம் இழந்த நிலம் ஏறக்குறைய 4,833 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் ஆறரை மடங்கு; மலாக்கா மாநிலத்தைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆற்றுக்குக் கரை கட்டியதால் புதிய வண்டல் வருவது நின்றது. எண்ணெய்க் கிணறுகளுக்காக ஆயிரக்கணக்கான மைல் கால்வாய் வெட்டி உப்புநீரை உள்ளே விட்டார்கள். தோலுக்காக 1930களில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நியூட்ரியா என்ற பெரிய எலி புல்லை வேரோடு தின்கிறது. இப்போது ஒரு வாலுக்கு 6 டாலர் என்று அரசு கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறது. வாலை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

எண்களைவிட ஐல் டி ஜீன் சார்ல்ஸ் தீவு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடும். பூர்வகுடி மக்கள் தலைமுறைகளாக மீன்பிடித்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்த இடம். 1955லிருந்து பார்த்தால் அதன் நிலத்தில் 98 விழுக்காடு கடலுக்குள் போய்விட்டது. 2016ல் 48.3 மில்லியன் டாலர் கூட்டரசு நிதி ஒதுக்கி, அங்கிருந்தவர்களை வடக்கே 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் புது வீடுகளுக்கு மாற்றும் திட்டம் வந்தது. 2022ல் முதல் குடும்பங்கள் குடியேறின. வீடு கிடைத்தது. ஆனால் தோட்டம் மூடி, லயத்தைக் காலி செய்து, பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வீடு கிடைப்பதும் ஊர் கிடைப்பதும் ஒன்றா என்று.

குற்றவாளி யார்?

பழுப்புச் சதுப்புக்கு வருவோம். 1999, 2000ஆம் ஆண்டுகளில் கடும் வறட்சி. மிசிசிப்பியில் தண்ணீர் குறைவு, கடல் மட்டமும் தாழ்ந்திருந்தது. புல்லைச் சுற்றியிருந்த சேறு வழக்கத்துக்கு மாறாகக் காய்ந்தது. கடலோரச் சேற்றில் கந்தகம் அடைபட்டுக் கிடக்கும். காற்றுப் பட்டால் அமிலமாகிவிடும். நம் சிலாங்கூர் கடலோரத்தில் வடிகால் ஆழமாக வெட்டிய தோட்டங்களில் மண் புளித்துப் போகும் என்பார்களே, அதே வேதியியல். அமில மண்ணில் உலோகங்கள் கரைந்து வேரில் ஏறி விஷமாகும். கேரன் மெக்கீயும் அவருடைய குழுவினரும் 2004ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் திசையைத்தான் காட்டியது. பக்கத்திலேயே நின்ற கருங்கண்டல் மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் அவர்கள் குறித்தார்கள். அந்த மரம் நம்மூர் ஆப்பி ஆப்பி மரத்தின் நேரடி உறவு.

ஆனால் தாவர நோய் படித்தவருக்கு ஒரு செடி சாவதைப் பார்த்தால் உடனே வேறு சந்தேகம் வரும். துரு நோயைக் கண்டுபிடித்த அதே ரே ஷ்னைடர், செத்துக்கொண்டிருந்த ஸ்பார்ட்டினாவையும் ஆராய்ந்தவர். இறந்த திட்டுகளில் ஃபுசேரியம் என்ற பூஞ்சை இனங்கள் இருந்தன. கேள்வி இதுதான்: புல்லைக் கொன்றது பூஞ்சையா, அல்லது செத்த வீட்டுக்கு வந்த விருந்தாளியா?

நோயியல் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு, நோய் முக்கோணம் என்பார்கள். செடி, கிருமி, சூழல். மூன்று முனையும் சேர்ந்தால்தான் நோய். சோயா வயலில் இது சுலபமாகத் தெரியும். செடி ஒரே ரகம், சூழல் ஈரமான காற்று, கிருமி வந்தவுடன் படம் முழுமையாகிவிடுகிறது. சதுப்பில் அப்படி இல்லை. கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தின் வேட் எல்மர், அட்லாண்டிக் கரையில் இதேபோல் செத்த ஸ்பார்ட்டினாவில் ஒரு புதிய ஃபுசேரியம் இனத்தைக் கண்டுபிடித்தார். 2011ல் அதற்குச் 'சதுப்புக்குரியது' என்று பொருள்படும் லத்தீன் பெயர் வைக்கப்பட்டது. நன்றாக இருக்கும் புல்லை அது தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வறட்சியில் வாடிய புல்லில் கை வைக்கிறது. அங்கே புல்லைத் தின்னும் ஒரு ஊதா நண்டும் இருக்கிறது. வறட்சி, பூஞ்சை, நண்டு, மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்பது அவர் 2014ல் எழுதிய கட்டுரையின் சாரம். ஒரே குற்றவாளியைத் தேடியவர்களுக்கு ஒரு கூட்டமே கிடைத்தது.

கூட்டத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஒரு நத்தை. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அலை ஏறும்போது நண்டுகளுக்குப் பயந்து புல் தண்டின் மேல் ஏறிக்கொள்ளும். ஜார்ஜியா மாநிலத்தின் சதுப்புகளில் இதைக் கவனித்த பிரையன் சில்லிமனும் ஸ்டீவன் நியூவலும் 2003ல் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். நத்தை இலையைத் தின்ன வரவில்லை. இலையை அரம் போன்ற நாக்கால் நீளமாகச் சுரண்டிக் காயம் செய்கிறது. அந்தக் காயத்தில் தன் எச்சத்தை இடுகிறது. அது உரமாகி, காயத்தில் பூஞ்சை செழிக்கிறது. பூஞ்சையைத்தான் நத்தை தின்கிறது. உழுது, உரம் போட்டு, விளைந்ததை அறுவடை செய்யும் விவசாயம்! நத்தை கொஞ்சமாக இருக்கும்வரை புல் தாங்கிக்கொள்ளும். வறட்சியில் புல் குறைந்தால், இருக்கிற நத்தைகள் எல்லாம் மிஞ்சிய விளிம்பில் கூடி, வரிசை கட்டி முன்னேறி அதையும் முடித்துவிடுகின்றன. இப்படித்தான் வறட்சி தொடங்கி வைத்ததை நத்தை நீட்டுகிறது என்று சில்லிமன் குழு 2005ல் காட்டியது.

சோயா ஆய்விலிருந்து சதுப்புக்குப் போன உண்மையான உதவி மருந்து அல்ல. கடலோரத்தில் பூஞ்சைக்கொல்லி தெளிக்க யாரும் நினைக்க மாட்டார்கள், நினைக்கவும் கூடாது. போனது பார்வை. செத்த செடியைப் பார்க்காதே, சாகப்போகும் செடியைப் பார். ஒன்றை மட்டும் சந்தேகிக்காதே. வயலில் பழகிய இந்தக் கண்தான் சேற்றில் வேலைக்கு ஆனது.

ஒரே தாயின் பிள்ளைகள்

செத்த இடத்தில் மறுபடி நட வேண்டும். எதை நடுவது? இங்கேதான் மண் பாதுகாப்புத் துறை திரும்பி வருகிறது. குட்ஸு அனுபவத்துக்குப் பிறகு இம்முறை உள்ளூர்ப் புல்லையே தேர்ந்தெடுத்தார்கள். லூசியானாக் கரையில் சேகரித்த ஸ்பார்ட்டினாக்களில் நன்றாக வளர்ந்த ஒன்றை 1989ல் 'வெர்மிலியன்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். வேகமாகப் பரவும், அலையைத் தாங்கும். விதை மட்டும் சரியாகப் பிடிக்காது. ஆகவே வேரோடு பிரித்து, ஒவ்வொரு கன்றாகத்தான் நட வேண்டும். படகில் ஏற்றிப்போய், இடுப்பளவு சேற்றில் இறங்கி, மாணவர்களும் தொண்டூழியர்களும் கை வலிக்க வலிக்க நட்டார்கள்.

நட்டதெல்லாம் ஒரே தாயின் நகல். வாழைத்தோட்டம் வைத்தவர்களுக்கு இதன் ஆபத்து புரியும். ஒரே ரக கேவண்டிஷ் வாழையை வரிசையாக நட்ட தீபகற்ப மலேசியத் தோட்டங்களை 1990களில் வாடல் நோய் எப்படிக் காலி செய்தது! அந்த வாழை நோய்க் கிருமியும் ஃபுசேரியம்தான், சதுப்புப் பூஞ்சைக்கு ஒன்றுவிட்ட உறவு. சோயாவின் வரலாறும் இதையே சொல்கிறது. வேர்முடிச்சுப் புழுவின் உறவான ஒரு நூற்புழுவை எதிர்க்க, பல ஆண்டுகளாக அமெரிக்காவின் பெரும்பாலான எதிர்ப்பு ரகங்கள் ஒரே ஒரு மூதாதைச் செடியைத்தான் நம்பியிருந்தன. புழு மெல்ல மெல்ல அதைத் தாண்டப் பழகிக்கொண்டது.

அதனால் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்பார்ட்டினாவை ஒரு பயிரைப் போல் இனவிருத்தி செய்யத் தொடங்கினார்கள். இதில் இறங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஹாரிசன், கோதுமை ரகங்கள் உருவாக்கி வந்தவர். கோதுமைக்காரர் ஏன் சேற்றில் இறங்க வேண்டும்? கோதுமையும் புல், இதுவும் புல். பல தாய்களைக் கலந்து, விதை பிடிக்கும், நோய் தாங்கும் வகைகளைப் பிரிக்கும் வேலை அவருக்குக் கைவந்தது. விதை கிடைத்தால் விமானத்திலிருந்து தூவலாம். நெல்லை அந்த ஊரில் அப்படியும் விதைப்பது உண்டு. ஆனால் ஸ்பார்ட்டினா விதை சாதாரண விதை போல் இல்லை. காய்ந்தால் செத்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தே காப்பாற்ற வேண்டும். போதாக்குறைக்கு விதைக்கதிரைப் பிடிக்கும் பூஞ்சை ஒன்றும் உண்டு. தானியத்தின் இடத்தில் கருப்புக் கொம்பு முளைக்கும்.

அதே பல்கலைக்கழகத்தில் நிரஞ்சன் பைசாக் எதிர்த்திசையில் யோசித்தார். உப்பைத் தாங்கும் புல் நெல்லுக்கும் உறவுதானே? ஸ்பார்ட்டினாவின் மரபணு ஒன்றை நெல்லில் சேர்த்து, உப்புநீரில் அந்த நெற்பயிர் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதை அவருடைய குழு 2012ல் காட்டியது. ஆய்வுக்கூடத்திலிருந்து தட்டுக்கு வர நெடுந்தூரம். ஆனால் கடல் ஏறும் காலத்தில் சோறு தின்னும் எல்லோருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்.

ஒரு இடைச்செருகல். சோயாவை அமெரிக்க மண்ணுக்கு முதலில் கொண்டுவந்தவர் சாமுவேல் போவன் என்ற மாலுமி. சீனாவிலிருந்து கொண்டுவந்து 1765ல் ஜார்ஜியாவில், ஸ்பார்ட்டினா சதுப்புகளுக்குப் பக்கத்திலேயே விதைக்க வைத்தார். 1979ல் சீனர்கள் அமெரிக்காவிலிருந்து ஸ்பார்ட்டினாவைக் கொண்டுபோய்த் தங்கள் கரையைக் காக்க நட்டார்கள். அது கட்டுக்கடங்காமல் பரவி, பறவைகள் இரை தேடும் சேற்றுத் திட்டுகளை மூடியது. 2022ல் சீன அரசு அதை ஒழிக்க நாடளாவிய திட்டம் போட்டது. லூசியானாவில் ஒவ்வொரு கன்றாக நடும் புல்லைச் சீனாவில் இயந்திரம் வைத்துப் பிடுங்குகிறார்கள்.

வாசலைக் காக்கும் நாணல்

புல் நட்டால் மட்டும் போதாது, அதற்கு மண் வேண்டும். மிசிசிப்பியின் கரையை ஓரிடத்தில் திறந்து வண்டல் நீரைச் சதுப்புக்குள் விடும் பெருந்திட்டம் ஒன்றுக்கு 2023 ஆகஸ்ட்டில் அடிக்கல் நாட்டினார்கள். செலவு ஏறக்குறைய 3 பில்லியன் டாலர். 2010ல் வளைகுடாவில் வெடித்த எண்ணெய்க் கிணற்றுக்கான இழப்பீட்டிலிருந்து பணம். ஆனால் நல்ல தண்ணீர் பாய்ந்தால் உப்பில் வாழும் சிப்பி சாகும், இறால் ஓடிவிடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். 2025 ஜூலையில் மாநில அரசே திட்டத்தைக் கைவிட்டது. மீனவர்கள் சொன்னது பொய்யல்ல. அவர்கள் பிழைப்பு அது. ஆனால் வண்டல் இல்லாத இடத்தில் நட்ட புல் எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்டவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை.

இதற்கிடையே ஆற்றின் கடைக்கோடியில் வேறொரு சாவு. அங்கே ஸ்பார்ட்டினாவைவிட உயரமான நாணல்தான் காவல். சோயாக் கப்பல் போகும் கால்வாயின் இருபுறமும் மண்ணைப் பிடித்திருப்பது அது. 2016 இலையுதிர் காலத்தில் அந்த நாணல் மெலிந்து சாய்வதை ஆட்கள் கவனித்தார்கள். மறு ஆண்டு காரணம் தெரிந்தது: ஜப்பானிலும் சீனாவிலும் வாழும் ஒரு செதில் பூச்சி, தண்டையும் இலையுறையையும் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. நாணல் மெலிந்த இடத்தில் கரை கரைந்தால் மண் கால்வாய்க்குள் விழும். கப்பல் போக மறுபடி மறுபடி தூர்வார வேண்டும். சதுப்பின் நோய் சோயாவின் போக்குவரத்துச் செலவில் வந்து நிற்கும் இடம் இது.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் ரோட்ரிகோ டியாஸ் குழுவினர், நாணலில் பல வம்சங்கள் இருப்பதைப் பார்த்து ஒவ்வொன்றிலும் பூச்சியை எண்ணினார்கள். முகத்துவாரத்தில் பரவலாக இருக்கும் டெல்டா வம்சத்தில் பூச்சி அதிகம். ஐரோப்பிய வம்சத்தில் குறைவு. அப்படியானால் ஐரோப்பிய நாணலை நட்டுவிடலாமே என்று தோன்றும். அந்த வம்சம்தான் அமெரிக்காவின் வடக்கு, கிழக்குச் சதுப்புகளில் உள்ளூர்ச் செடிகளை அழித்துப் பரவிய களை. பல மாநிலங்கள் காசு செலவழித்து அதை ஒழிக்கின்றன. பூச்சி தின்று தீர்க்கும் நாணலா, ஊரையே வளைத்துக்கொள்ளும் நாணலா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கப்பல்கள் காத்திருப்பதில்லை. அறுவடைக் காலத்தில் அவரை ஏற்றிய கப்பல்கள் ஒன்றன் பின் ஒன்றாக, மெலிந்த நாணல்களுக்கு நடுவே வளைகுடாவுக்குள் இறங்குகின்றன.